அயர்லாந்து விஸ்கியும் திராட்சைத் தேறல் வணிகரும்

1. தோற்றுவாய்

தேறல் என்பது பழந்தமிழ்ச் சொல். தேறு என்னும் வினையடியாகப் பிறந்து, தெளிந்தது என்னும் பொருளை உணர்த்துவது. யவனர் கொணர்ந்த குளிர்ந்த மணமுடைய தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் பருகியமையைப் புறநானூற்றின் 56-ஆம் பாட்டு கூறும். 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது வெளிப்பட்ட ஆம்போரா என்னும் இருபிடிச் சாடிகளின் ஓடுகள் அப்பாட்டிற்குச் சான்றாக நின்றன. ஈண்டு ஒன்று கருதற்பாலது. எந்நாட்டுக் கொடியில் விளைந்தது, யார் பிழிந்தது என்பனவற்றைப் புலவர் கூறினாரல்லர். கொணர்ந்தோர் பெயரே அத்தேறலின் சிறப்புக்கு அடையாயிற்று.

செய்தோன் பெயரால் ஒரு பண்டம் சிறக்குமா, கொணர்ந்து விற்போன் பெயரால் சிறக்குமா என்பது வணிக வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழும் வினா. அவ்வினாவிற்கு விடை காண மிக ஏற்ற களம் அயர்லாந்து ஆகும். அந்நாட்டில் வாலையில் வடித்த விஸ்கியும், அந்நாட்டினர் பிற நாடுகளில் வளர்த்த திராட்சைத் தேறலும் முந்நூறு ஆண்டுகளாகப் பின்னிப் பிணைந்து வந்துள்ளன. இன்று அறிந்தோர் தேடி வாங்கும் அயர்லாந்து விஸ்கிகளுள் முதன்மையான இரண்டு, வாலை வைத்திருந்தோரால் அன்றித் திராட்சைத் தேறல் வணிகரால் பெயர் பெற்றவை. இஃது எங்ஙனம் நேர்ந்தது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். குடித்தலின் நன்மை தீமைகளை ஆராய்வது நம் நோக்கமன்று. ஒரு பண்டத்தின் பெயரும் பொருளும் எவ்வாறு பிரிந்தன, எவ்வாறு மீண்டும் கூடின என்பதே நாம் காணப் புகுவது.

2. சொல்லும் தொடக்கமும்

விஸ்கி என்னும் சொல் அயர்லாந்து மொழியின் 'உஷ்கெ பாஹா' என்னும் தொடரின் சிதைவு. அதன் பொருள் 'உயிர்நீர்' என்பது. இலத்தீனில் 'அக்வா வீத்தே' என மருத்துவரும் துறவியரும் வழங்கிய தொடரின் நேர் மொழிபெயர்ப்பே அது. ஆதலின் இச்சொல் உண்டாட்டில் தோன்றியதன்று. மருந்தறையில் தோன்றியது என்பது வெளிப்படை.

எழுத்துச் சான்றுகளுள் முந்தியது குளோன்மக்நாய்ஸ் ஆண்டேடுகளில் உள்ள 1405-ஆம் ஆண்டுக் குறிப்பாகும். ரிச்சர்டு மக்ரானல் என்னும் குலத்தலைவர் கிறித்துப் பிறப்பு விழாவின்போது உயிர்நீரை அளவிறந்து பருகி இறந்தார் என்பது அக்குறிப்பு. ஆயின், அவ்வேடு இன்று மூலவடிவில் கிடைத்திலது. 1627-இல் செய்யப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பே கிடைக்கின்றது. ஸ்காட்லாந்தில் ஜான் கோர் என்னும் துறவிக்கு உயிர்நீர் வடித்தற்பொருட்டு முளைத்தானியம் அளிக்கப்பட்டமை 1494-ஆம் ஆண்டு அரசுக் கருவூலக் கணக்கில் உள்ளது. முன்னது பிற்கால மொழிபெயர்ப்பில் நிற்பது. பின்னது அக்காலத்துக் கணக்கேட்டிலேயே நிற்பது. இருநாட்டாரும் முதன்மை வேண்டி வாதிடும்போது இவ்வேறுபாட்டை மறந்துவிடுதல் கூடாது.

1556-இல் துரோகடா நகரில் கூடிய அயர்லாந்து மன்றம், உரிமம் பெறாமல் உயிர்நீர் வடித்தலைத் தடைசெய்தது. பெருமக்களும், குறிப்பிட்ட செல்வமுடைய நிலக்கிழாரும், பெருநகரங்களின் உரிமைக் குடியினரும் அத்தடையினின்று விலக்கப்பெற்றனர். இதனால் இருண்மைகள் புலப்படும்: ஒன்று, அக்காலத்திற்குள் வடித்தல் நாடெங்கும் பரவிவிட்டது, மற்றொன்று, சட்டத்தின் சுமை எளியோர்மீதே விழுந்தது.

புஷ்மில்ஸ் புட்டிகளின்மேல் 1608 என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டிருத்தலைப் பலரும் கண்டிருப்பர். அவ்வாண்டில் முதலாம் ஜேம்சு மன்னர் சர் தாமஸ் பிலிப்சு என்பார்க்கு அவ்வட்டாரத்தில் வடித்தற்குரிய உரிமம் நல்கியது உண்மை. ஆயின் புஷ்மில்ஸ் என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டது 1784-ஆம் ஆண்டிலேயே. உரிமத்தின் ஆண்டு வேறு; நிறுவனத்தின் ஆண்டு வேறு. புட்டியின்மேல் உள்ள ஆண்டு பொய்யன்று. ஆயினும் அஃது எதன் ஆண்டு என வினவுதல் வாங்குவோனுக்கும் வரலாற்றாளனுக்கும் ஒப்பக் கடனாகும்.

3. வரியும் செப்பு வாலையும்

1661-இல் வடித்த சாராயத்தின்மீது காலன் ஒன்றுக்கு 4 பென்சு ஆயத்தீர்வை விதிக்கப்பட்டது. அன்று முதல் தீர்வை செலுத்திய சாராயம் ஒன்றும், மலையிடுக்குகளில் மறைவாக வடிக்கப்பட்ட 'பொச்சீன்' ஒன்றும் என இருவகை வழக்குத் தோன்றிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், முளைகட்டிய வாற்கோதுமையின்மீது விதிக்கப்பட்ட வரி மற்றொரு மாற்றத்திற்கு வழிவகுத்தது. வரியைக் குறைக்க வேண்டி வடிப்போர் முளைகட்டாத வாற்கோதுமையை மிகுதியாகக் கலக்கலாயினர். சிக்கனம் கருதிச் செய்த அச்செயல் எதிர்பாராத பயனைத் தந்தது. முளைகட்டியதும் முளைகட்டாததும் கலந்து, பெரிய செப்பு வாலையில், பெரும்பாலும் மும்முறை வடிக்கப்பட்ட சாராயம், நெய்ப்பும் காரமும் கூடிய தனிச்சுவை பெற்றது. அதனையே இக்காலத்தார் தனிவாலை விஸ்கி என்பர். வரியால் பிறந்த சுவை, வரி நீங்கிய பின்னும் நாட்டின் அடையாளமாய் நிலைத்தது.

இவ்விஸ்கியால் டப்ளின் நகரம் உலகப் புகழ் எய்திற்று. போ தெருவில் ஜேம்சன் குடும்பம், ஜான்ஸ் லேனில் பவர் குடும்பம், தாமஸ் தெருவில் ரோ குடும்பம் எனப் பெரு வடிசாலைகள் எழுந்தன. இவருள் ஜான் ஜேம்சன் ஸ்காட்லாந்தில் பிறந்தவர் என்பது குறிக்கத்தக்கது. ஆல்பிரட் பர்னார்டு என்பார் வடிசாலைகள்தொறும் சென்று 1887-இல் வெளியிட்ட நூலில், அயர்லாந்தில் தாம் கண்ட 28 வடிசாலைகளை விவரிக்கின்றார். ஜார்ஜ் ரோவின் சாலை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் காலன் வடித்த பெருஞ்சாலை என்பது அந்நூலால் அறியப்படும்.

ஈண்டு வணிக முறையொன்றை விளக்குதல் வேண்டும். அக்காலத்து வடிசாலையார் விஸ்கியைப் புட்டியில் அடைத்து விற்றாரல்லர். புதிதாக வடித்த சாராயத்தைப் பீப்பாய் பீப்பாயாக வணிகர்க்கு விற்றனர். வணிகர் அதனைச் சுங்கப் பண்டசாலைகளில் ஆண்டுக்கணக்கில் முதிரவைத்து, தம் பெயர் ஒட்டிய புட்டிகளில் அடைத்து விற்றனர். மரப்பீப்பாயில் முதிர்தலே விஸ்கியின் நிறத்திற்கும் மணத்தின் பெரும்பகுதிக்கும் காரணம் ஆதலின், வடித்தோன் பாதி செய்தான், வணிகன் மீதி செய்தான் எனல் மிகையாகாது. டப்ளின் வணிகருட் பலர் முதன்மையாகத் திராட்சைத் தேறல் விற்றவர். ஸ்பெயினிலிருந்து ஷெரியும் போர்ச்சுகலிலிருந்து போர்ட்டும் அவர்களிடம் பீப்பாய்களில் வந்திறங்கின. தேறல் விற்றுத் தீர்ந்தபின் எஞ்சிய வெறும் பீப்பாய்களை அவர்கள் வடிசாலைக்கு அனுப்பிப் புதுச் சாராயத்தால் நிரப்பிப் பெற்றனர். ஷெரியில் ஊறிய ஓக் மரம் விஸ்கிக்கு உலர்பழ மணத்தை ஊட்டிற்று. இதுவும் திட்டமிட்ட கலையன்று; வெறும் பீப்பாயை வீணாக்க விரும்பாத வணிகச் சிக்கனமே.

4. கடல் கடந்த அயர்லாந்தியர்

இதே காலத்தில் அயர்லாந்தினர் பிரான்சிலும் திராட்சைத் தேறலின் வரலாற்றில் இடம் பெற்றனர். 1691-ஆம் ஆண்டு லிமெரிக் உடன்படிக்கைக்குப் பின் கத்தோலிக்க வீரர் பலர் நாடு துறந்து ஐரோப்பியப் படைகளிற் சேர்ந்தனர். அவரைக் 'காட்டு வாத்துகள்' என வரலாறு குறிக்கும். தேறல் வணிகம் புகுந்தோரைப் பிற்காலத்தார் 'தேறல் வாத்துகள்' எனச் சுவைபட வழங்கினர்.

கால்வே நகரத்து லிஞ்ச் மரபினர் போர்தோவில் குடியேறினர். அம்மரபில் வந்த ஒருவர் அந்நகரின் தலைவராகவும் விளங்கினார். லிஞ்ச் பாஜ் என்னும் தோட்டம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. கிர்வான் என்னும் தோட்டப் பெயரும் கால்வே குடிப்பெயரே. கோர்க் வட்டாரத்தினரும் பிரெஞ்சுப் படையிற் பணியாற்றியவருமான ரிச்சர்டு ஹென்னெஸி 1765-இல் கொன்யாக்கில் தம் வணிக நிலையத்தைத் தொடங்கினார். எனினும் குடியேறிய அனைவரும் கத்தோலிக்கர் என்றோ, அனைவரும் நாடு துரத்தப்பட்டோர் என்றோ கொள்ளுதல் பிழையாகும். ஃபெர்மனா வட்டாரத்துத் தாமஸ் பார்ட்டன் புராட்டஸ்டன்ட் சமயத்தவர். வணிகம் கருதியே 1722-இல் போர்தோ சென்றவர்.

பார்ட்டன் குடும்பத்தின் வரலாறு நம் வினாவிற்கு நேரே விடை தருவது. அவர்கள் ஏறத்தாழ நூறாண்டுகள் தேறலை வாங்கி, முதிரவைத்து, கப்பலேற்றி விற்ற வணிகராகவே இருந்தனர். 1821-இல்தான் ஹியூ பார்ட்டன் லாங்கோவா தோட்டத்தை விலைக்கு வாங்கினார். 1826-இல் லியோவில் தோட்டத்தின் ஒரு பகுதியையும் வாங்கினார். முதலில் வணிகன், பின்னரே உழவன் என்பது இதனால் தெளிவாகும். 1855-இல் பாரிசுக் கண்காட்சியின்பொருட்டுப் போர்தோ தரகர் மேதோக் வட்டாரத்துச் செந்தேறல்களை ஐந்து வகுப்பாக வரிசைப்படுத்தியபோது, லியோவில் பார்ட்டன் இரண்டாம் வகுப்பிலும், லாங்கோவாவும் கிர்வானும் மூன்றாம் வகுப்பிலும், லிஞ்ச் பாஜ் ஐந்தாம் வகுப்பிலும் இடம் பெற்றன. அத்தரகர் நாவால் சுவைத்து வகுத்தாரல்லர். நெடுங்காலமாகச் சந்தையில் நின்ற விலையை அளவுகோலாகக் கொண்டே வகுத்தனர். வணிகரின் கணக்கேடே தரத்தின் சான்றாயிற்று. அவ்வரிசையில் முன்னரே இடம் பெற்றிருந்த ஒரு தோட்டம் மேல் வகுப்பிற்கு உயர்த்தப்பட்டது பின்னர் ஒரே ஒரு முறை, 1973-இல், மூத்தோன் ரோத்சில்டின்பொருட்டே.

வணிகரின் கைவண்ணம் என்றும் தூயதாக இருந்தது எனவும் கூற இயலாது. ஆங்கிலேயர் விரும்பிய திண்மை வேண்டி, போர்தோத் தேறலில் ரோன் பள்ளத்தாக்குத் தேறலையும் ஸ்பெயின் தேறலையும் கலந்து அனுப்புதல் அக்காலத்து வெளிப்படையான வழக்கம். ஆதலின், முதிரவைத்துச் சிறப்பித்தோனும் கலந்து மயக்கியோனும் ஒருவனே ஆகலாம் என அறிக.

5. பெயர் பற்றிய வழக்கு

விஸ்கியின் வரலாற்றில் இக்கலப்பு வினா பெரும் வழக்காகவே எழுந்தது. அயர்லாந்தில் ஆயத்துறையின் தலைமை மேற்பார்வையாளராய் இருந்த ஈனியஸ் காஃபி 1830-இல் தொடர்ந்து வடிக்கும் தூண்வாலைக்கு உரிமை பெற்றார். செப்பு வாலையில் ஒவ்வொரு முறையும் நிரப்பி, வடித்து, ஒழித்தல் வேண்டும். தூண்வாலையிலோ இடையறாது வடிக்கலாம்; செலவு குறைவு, அளவு மிகுதி, சாராயமும் வலிது. ஆயின் தானியத்தின் மணம் அதில் பெரிதும் நீங்கிவிடும். காஃபி அயர்லாந்தினரே எனினும் டப்ளின் வடிசாலையார் அவர் கருவியை ஏற்றிலர். ஸ்காட்லாந்தினர் அதனை ஏற்று, அதன் சாராயத்தைத் தம் செப்பு வாலை விஸ்கியுடன் கலந்து, மென்மையும் மலிவும் உடைய கலப்பு விஸ்கியை உலகெங்கும் அனுப்பினர்.

1870-களின் இறுதியில் ஜான் ஜேம்சன், வில்லியம் ஜேம்சன், ஜான் பவர், ஜார்ஜ் ரோ ஆகிய நால்வர் நிறுவனங்களும் கூடி 'விஸ்கி பற்றிய உண்மைகள்' என்னும் நூலை வெளியிட்டன. தூண்வாலைச் சாராயத்தை அவர்கள் 'பேசாச் சாராயம்' என இகழ்ந்தனர். தான் எதிலிருந்து பிறந்தது என நாவிற்கு உரைக்காதது என்பது அதன் கருத்து. அவ்வேளையில் பிரான்சின் கொடிகளை ஃபைலாக்செரா என்னும் பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. திராட்சைத் தேறலும் பிராந்தியும் அருகின. அவ்வெற்றிடத்தை நிரப்பும் நல்வாய்ப்பு விஸ்கிக்குக் கிட்டியது. பெரும்பயன் பெற்றது கலப்பு விஸ்கியே.

இலண்டனின் இஸ்லிங்டன் நகராட்சி, கலப்பு விஸ்கியை விஸ்கி எனும் பெயரில் விற்றோர்மேல் வழக்குத் தொடர்ந்தது. 1906-இல் நடுவர் விற்றோர்க்கு எதிராகத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் முடிவு எட்டப்படவில்லை. பின்னர் 1908-இல் அமைக்கப்பட்ட அரச ஆணைக்குழு, எவ்வகை வாலையில் வடித்ததாயினும் தானியச் சாராயம் விஸ்கி எனும் பெயர்க்கு உரியதே என 1909-இல் முடிவு கூறியது. டப்ளினார் பெயரை இழந்தனர். சிறிது காலத்தில் சந்தையையும் இழந்தனர்.

அவர் தோல்வியைக் கண்டு, அவர் பிடிவாதமே அழிவிற்குக் காரணம் என்பார் உளர். அஃது ஓரளவே பொருந்தும். 1838-இல் கோர்க்கில் தியோபால்டு மாத்யூ அடிகள் தொடங்கிய முழுமது ஒழிப்பு இயக்கம் உள்நாட்டு விற்பனையை முன்னரே குறைத்திருந்தது. குடியால் சிதைந்த குடும்பங்கள் பல அதனால் மீண்டன என்பதையும் மறத்தல் ஆகாது. பின்னர் 1919 முதல் 1921 வரை விடுதலைப் போர், 1920 முதல் 1933 வரை அமெரிக்க மதுவிலக்கு, 1932 முதல் 1938 வரை பிரித்தானியாவுடன் வணிகப் பகை ஆகியவை அடுத்தடுத்து வந்தன. சந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடைபட்டன. ஒரு காரணம் கூறி அமைவது எளிது. காரணங்களின் கூட்டத்தைக் காண்பதே வரலாறு.

6. வணிகர் காத்த சுவை

1966-இல் ஜேம்சன், பவர், கோர்க் வடிசாலைக் குழுமம் ஆகிய மூன்றும் இணைந்து ஐரிஷ் டிஸ்டில்லர்ஸ் என ஒன்றாயின. 1972-இல் புஷ்மில்ஸும் சேர்ந்தது. போ தெருச் சாலை 1971-இல் அடங்கியது. ஜான்ஸ் லேன் சாலையும் சில ஆண்டுகளில் அடங்கியது. 1975-இல் மிடில்டனில் புதிய சாலை இயங்கத் தொடங்கிற்று. பர்னார்டு 28 சாலைகளைக் கண்ட தீவில், நூறாண்டு நிறைவதற்குள் எஞ்சியவை இரண்டே. ஜேம்சன், பவர் என்னும் பழம்பெயர்கள் தாமும் தூண்வாலைச் சாராயம் கலந்த விஸ்கிகளுக்கு உரியவாயின. நூறாண்டுகளுக்கு முன் அப்பெயருடையோர் எதனை எதிர்த்து நூல் எழுதினரோ, அதற்கே அப்பெயர்கள் சூட்டப்பட்டன. இதனினும் பெரிய முரண் வணிக வரலாற்றில் அரிது.

அங்ஙனமாயின் பழைய தனிவாலை விஸ்கி எங்கே எஞ்சியது? திராட்சைத் தேறல் வணிகரின் நிலவறையில். 1805-இல் தோன்றிய மிட்செல் குடும்ப நிறுவனத்தார் தம் ஷெரிப் பீப்பாய்களை ஜேம்சன் சாலையில் நிரப்பி, டப்ளின் நிலவறைகளில் முதிரவைத்தனர். எத்தனை ஆண்டு வைக்கத்தக்கது என அறியப் பீப்பாயின்மேல் வண்ணப்புள்ளி இட்டனர்: 7 ஆண்டிற்கு நீலம், 10 ஆண்டிற்குப் பச்சை, 12 ஆண்டிற்கு மஞ்சள், 15 ஆண்டிற்குச் சிவப்பு. கிடங்குக் குறியே பின்னர்ப் பண்டத்தின் பெயராயிற்று. அவற்றுள் கிரீன் ஸ்பாட் ஒன்றே இடையறாது வாழ்ந்தது. 1857-இல் இலண்டனில் தோன்றிய கில்பி நிறுவனமும் தேறல் வணிகமே. அதன் டப்ளின் கிளை, ஜேம்சன் சாராயத்தைத் தன் ஷெரிப் பீப்பாய்களில் முதிர்த்து விற்றது. ரெட்பிரெஸ்ட் என்னும் பறவைப் பெயர் அதற்கு 1912-க்குள் வழங்கலாயிற்று.

வடிசாலையாரோ தம் பெயரில் தாமே புட்டியில் அடைக்கும் வழியை நாடினர். போர்தோவில் 1924-இல் மூத்தோன் தோட்டத்துப் பிலிப் தெ ரோத்சில்டு தம் முழு விளைவையும் தோட்டத்திலேயே புட்டியில் அடைத்து வழிகாட்டினார். ஜேம்சன் சாலையார் 1963-இல் வெளியிட்ட கிரெஸ்டெட் டென் அவர்கள் தாமே அடைத்த முதல் விஸ்கி. 1968-இல் வணிகர்க்குப் பீப்பாயாக விற்கும் வழக்கத்தைப் படிப்படியாக நிறுத்த முடிவு செய்தனர். செய்தோன் தன் பெயரைக் காத்துக்கொள்ள முற்பட்டது நேர்மையே. ஆயினும் அம்முடிவால் வணிகரின் விஸ்கிகள் மறையத் தொடங்கின. கில்பி நிறுவனம் எஞ்சிய இருப்பைக்கொண்டு 1980-களின் நடுப்பகுதி வரை விற்றது; 1986-இல் ரெட்பிரெஸ்ட் என்னும் பெயர் ஐரிஷ் டிஸ்டில்லர்ஸுக்கு விற்கப்பட்டது. 1991-இல் 12 ஆண்டு முதிர்ந்த தனிவாலை விஸ்கியாக அது மீண்டும் வெளிவந்தது.

மீட்சி அதன்பின் விரைந்தது. 1987-இல் ஜான் டீலிங் கூலி என்னும் தனிச் சாலையைத் தொடங்கினார். 1757-ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டதும் 1950-களில் அடங்கியதுமான கில்பெக்கன் சாலையில் 2007-இல் மீண்டும் வாலை எரிந்தது. மஞ்சள் புள்ளி 2012-இலும், சிவப்பு 2018-இலும், நீலம் 2020-இலும் திரும்பின. 2020-களின் தொடக்கத்தில் தீவில் ஏறத்தாழ நாற்பது சாலைகள் இயங்கின.

7. வாங்கத்தகுவது எது?

இவ்வரலாறு வாங்குவோனுக்குச் சில அளவுகோல்களைத் தருகின்றது. இக்காலச் சட்டப்படி, அயர்லாந்து விஸ்கி அத்தீவிலேயே வடிக்கப்பட்டு, 700 லிட்டருக்கு மேற்படாத மரப்பீப்பாயில் 3 ஆண்டேனும் அங்கேயே முதிர்ந்திருத்தல் வேண்டும். தனிவாலை விஸ்கி எனில், 2014-இல் வகுத்த விதிப்படி முளைகட்டிய வாற்கோதுமை 30 விழுக்காடும், முளைகட்டாதது 30 விழுக்காடும் குறையாது இருத்தல் வேண்டும். பிற தானியம் 5 விழுக்காடு வரை கலக்கலாம். 1909-இல் மறுக்கப்பட்ட பெயர்க்காவல் ஒரு நூற்றாண்டு கழித்து இவ்வகையில் கிட்டியது எனலாம். எனினும் டப்ளினாரின் பழங்கலவைகளில் ஓட்சு முதலிய பிற தானியங்கள் இதனினும் மிகுதியாக இருந்தமை அறியப்பட்டதே. ஆதலின் சட்டம் காத்தது பழைமையின் ஒரு கூற்றையே. முழுப் பழைமையையும் அன்று.

ஆகவே, புட்டியின்மேல் உள்ள பெரிய ஆண்டையும் பழங்குடிப் பெயரையும் நோக்கி மயங்காது, எத்தானியம், எவ்வாலை, எத்துணை ஆண்டு, எம்மரம், யார் வடித்தது, யார் முதிர்த்தது என ஆறும் வினவுதல் தகும். இவற்றிற்கு வெளிப்படையாக விடை தரும் புட்டி விலைக்கு ஏற்றது. மறைப்பது எத்துணைப் புகழுடையதாயினும் ஐயத்திற்கு உரியது. போர்தோத் தேறலுக்கும் இவ்வளவுகோல் பெரிதும் பொருந்தும். 1855-ஆம் ஆண்டு வகுப்பு அன்றைய விலையின் பதிவே. இன்றைய விளைவின் உறுதிமொழியன்று.

2015-இல் கிரீன் ஸ்பாட் விஸ்கியின் ஒரு பகுதி, லியோவில் பார்ட்டன் தோட்டத்துச் செந்தேறல் இருந்த பீப்பாய்களில் முதிர்விக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. அயர்லாந்தினின்று 1722-இல் புறப்பட்ட குடும்பத்தின் தேறற் பீப்பாய், அயர்லாந்துத் தேறல் வணிகர் காத்த விஸ்கியைத் தன்னகத்தே ஏற்றது. விற்பனைக்கெனச் செய்த ஏற்பாடே எனினும் அதில் ஒரு பொருத்தம் உண்டு. செய்தோனும் கொணர்ந்தோனும் ஒருவரையொருவர் மறுத்த காலத்தில் அப்பண்டம் தேய்ந்தது. இருவர் பெயரும் ஒரே புட்டியில் நின்றபோது அது தெளிந்தது. யவனர் தந்த தேறலுக்கு அன்று பிழிந்தோன் பெயர் கிடைத்திலது. அரிக்கமேட்டு ஓடுகளில் அப்பெயரை இன்று நாம் தேடிக்கொண்டிருக்கின்றோம்.